நெட்டிக்காரர் வீட்டு மெத்தை

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வலதுபக்க முதல் கதவில், 'கைரோபிராக்டிக் சிகிச்சை நிலையம்' என்று ஒரு பலகை தொங்குகிறது. மாட்டிய புதிதில் தபால்காரர் அதைக் கைரேகை நிலையம் என்று படித்துவிட்டு, உள்ளே போய் உள்ளங்கையை நீட்டியபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு தெருவே கூடி, வாயில் நுழைகிற மாதிரி ஒரு பெயரை வைத்துவிட்டது: நெட்டிக்காரர்.

பெயர் பொருந்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாமெல்லாம் சோம்பல் வந்தால் விரலில் நெட்டி முறிப்போம். அவர் அடுத்தவர் முதுகில் முறிப்பார். ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பின் ஓரமாகக் கட்டைவிரலை மேலிருந்து கீழே ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, மூச்சை விடச் சொல்லி, ஒரு அழுத்து. டக். அந்தச் சத்தம் மாடியில் என் வீடு வரைக்கும் கேட்கும். ஒருமுறை ஒரு லாரி ஓட்டுநரின் இடுப்பில் அவர் நெட்டி எடுத்தபோது, என் சமையலறைச் சுவரில் இருந்த பல்லி பிடி நழுவி மாவு டப்பாவுக்குள் விழுந்தது. நம்பாதவர்கள் பல்லியைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஐம்பதை நெருங்குகிற மனிதர். ஊரார் முதுகையெல்லாம் நிமிர்த்தி நிமிர்த்தி அவர் முதுகு கேள்விக்குறி மாதிரி வளைந்துவிட்டது. மாலையில் கதவைப் பூட்டும்போது சாவித்துவாரத்துக்காக அவர் தனியாகக் குனிய வேண்டியதில்லை. ஏற்கெனவே அந்த உயரத்தில்தான் இருப்பார்.

உள்ளே இரண்டு மேசைகள். பெரியவர்களுக்கு உயரமானது ஒன்று, பிள்ளைகளுக்குத் தாழ்வானது ஒன்று. இரண்டிலும் முகத்தை வைத்துக்கொள்ள ஓட்டை விட்டிருக்கும். ஆளுக்கு ஆள் கிழித்து மாற்றுகிற காகிதச் சுருள் தலைமாட்டில் தொங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. அளவு தப்பித் தைத்ததால், வளர்ந்துவிட்ட பெண்ணுக்குப் பாவாடை ஏறிக்கொண்ட மாதிரி, அது பாதி உயரத்தில் நின்றுவிடும். எதிர்ச் சுவர் முழுக்கச் சூரியன்கள். அதுதான் கதை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தையல்காரம்மா கழுத்துப் பிடிப்பு என்று மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாலு வாரம் நெட்டிக்காரர் தட்டி நெட்டி எடுத்தார். கழுத்து சரியானது. கூடவே, ஏழு வயதுவரை படுக்கையை நனைத்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை அதையும் நிறுத்திவிட்டது. தையல்காரம்மா சும்மா இருப்பாளா? ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்களை நாடாவாலேயே கட்டிப்போட்டு இந்தக் கதையைச் சொன்ன பிறகுதான் அவிழ்த்துவிட்டாள். மறுமாதமே வாசலில் அம்மாக்கள் வரிசை. எல்லோர் கையிலும் தூக்கம் கெட்ட ஒரு பிள்ளை.

நெட்டிக்காரர் முதலில் சிரிக்கத்தான் செய்தார். அப்புறம் இன்னொரு பிள்ளைக்கு நின்றது. இன்னொன்றுக்கும். இடுப்பின் கீழெலும்புப் பக்கமிருந்துதானே சிறுநீர்ப்பைக்கு நரம்பு போகிறது, அங்கே இறுக்கத்தை எடுத்தால் எல்லாம் ஒழுங்காகும் என்று ஒரு விளக்கம் தயாரானது. விளக்கம் கிடைத்ததும் அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம். வீட்டில் ஒட்டிவைக்க ஒரு தாள். காய்ந்த காலைக்குச் சூரியன், நனைந்த காலைக்கு மேகம் வரைய வேண்டும். சூரியன்கள் நிறைந்த தாளைப் பிள்ளைகள் சாக்லேட்டோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் சுவரில் ஒட்டினார். மேகத் தாளை யாரும் கொண்டுவரவில்லை. நிற்காத பிள்ளையின் அம்மா எதற்காகத் திரும்பி வருகிறாள்? அவள் பாட்டுக்கு வேறு தெருவுக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு வருஷமாக அந்த மனிதர் தினமும் பார்த்தது வெயில் மட்டும்தான்.

அவரும் பன்னிரண்டு வயதுவரை நனைத்தவர்தான். அவருடைய அப்பா நனைந்த மெத்தையை மகன் தலையில் ஏற்றித் தெருமுனைவரை நடக்கவைப்பாராம். பதின்மூன்றாவது வயதில், யார் கையும் படாமல், அது தானாகவே நின்றது. இதை ஒருநாள் என்னிடம் சொன்னபோது, "அப்ப உங்க முதுகுல யாரு தட்டுனா?" என்று கேட்டுவைத்தேன். அவர் என் இடுப்பை வழக்கத்தைவிடப் பலமாக அழுத்தினார்.

நிலையத்துக்குப் பின்பக்கமே வீடு. அவருக்கு ஒரே மகள். முன்பல் இரண்டும் எட்டிப் பார்ப்பதால் அணில். பத்து வயது. அணிலும் நனைப்பாள்.

அணிலின் அம்மா வேலை பார்ப்பது மெத்தைக் கடையில். காலை பத்திலிருந்து இரவு எட்டுவரை நின்ற காலில் நின்று, "இதுல படுத்துப் பாருங்க, மேகத்துல படுத்த மாதிரி இருக்கும்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வாள். வீட்டிலும் மேகம்தான். அணிலின் மெத்தைக்கு மேல் ரப்பர் விரிப்பு, அதன்மேல் துண்டு, அதன்மேல் துணி விரிப்பு. காலையில் எழுந்ததும் மூன்றையும் உருவி, இரண்டைத் துவைத்து, ஒன்றைத் துடைத்துக் காயப்போட்டுவிட்டு அவள் குளிக்கப் போவாள். ஆறு வருஷமாக அவளுக்கு விடிவது இப்படித்தான். திட்டமாட்டாள். திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே.

அணிலின் பள்ளியில் வருஷா வருஷம் நாலு நாள் முகாம் போவார்கள். ஏரிக்கரை, கூடாரம், துடுப்புப் படகு என்று பிள்ளைகள் ஆறு மாதம் முன்னாலிருந்தே பேசுவார்கள். போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் நெட்டிக்காரர் தன் கையால் கடிதம் எழுதினார்: மகளுக்குக் கடுமையான காய்ச்சல். கடிதம் எழுதிய பாவத்துக்கு அணில் நாலு நாளும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தாள். இந்த வருஷம்தான் கடைசி. அடுத்த வருஷம் வேறு பள்ளி, வேறு பிள்ளைகள்.

இந்த முறை படிவம் வந்த அன்றைக்கு, "இந்த வருஷம் உன்னை நானே பஸ்ல ஏத்திவிடறேன்" என்று நெட்டிக்காரர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை தட்டியது இரண்டுமுறை ஆனது. இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் இருந்தது. மேகங்கள் மட்டும் குறையவில்லை.

ஒருநாள் காலை நான் கீழே போனபோது அவர் மனைவி கொடியில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். அவர் ஓரமாக நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குமா?" என்றார்.

"இல்ல, வானத்துல இருந்து ஒழுகிடுச்சு" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "ஏங்க, ஊருல இருக்கற புள்ளைங்களுக்கெல்லாம் நிக்குது. உங்க கை நம்ம வீட்டு வாசப்படி தாண்டுனதும் தூங்கிடுமா?"

"சத்தம் நல்லாத்தான் வருது. எலும்பு விட்டுக் குடுக்குது."

"எலும்பு விட்டுக் குடுக்குது. மெத்தை விட்டுக் குடுக்கலையே. படிவத்துல கையெழுத்து கேக்கறாங்க. இன்னும் ஏழு வாரம்தான் இருக்கு. நான் அதைப் போடறதா, இல்ல நீங்க காய்ச்சல் வரவழைக்கறதா?"

அவர் வாயில் நுரையோடு நின்றார். பக்கத்துக் குழாய் திறந்தே இருந்தது. வாளியில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. அதை நிறுத்த அவள்தான் வரவேண்டியிருந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் நர்ஸக்கா வந்தாள். பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து, குழந்தைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பைத் தொலைத்தவள். நாலு வாரமாக வந்துகொண்டிருந்தாள்; நெட்டிக்காரர் கைபட்டு அவள் இடுப்பு நன்றாகவே இளகியிருந்தது. அதை மறைக்கக் கூடாது. பெரியவர்களின் முதுகு அவருக்குக் கைவந்த விஷயம்தான்.

அவளை உயர மேசையில் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பில் சூடான பையைக் கட்டிவிட்டு, "பத்து நிமிஷம் அப்படியே இருங்கக்கா, பொண்ணை முடிச்சிட்டு வந்துடறேன்" என்று திரைக்கு அந்தப் பக்கம் போனார். அவள் முகம் ஓட்டைக்குள். ஓட்டை வழியாகத் தரை தெரியும். தலையைக் கொஞ்சம் சாய்த்தால், ஏறிக்கொண்ட அந்தத் திரைக்குக் கீழே பக்கத்து மேசையின் அடிப்பாகமும் தெரியும். நிற்கிறவர் கண்ணுக்கு அது ஒருநாளும் தெரியாது.

நர்ஸக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் அணிலின் இரண்டு கைகளும் தொங்கின. மேலே அப்பாவின் குரல்: "மூச்சை விடு." கீழே வலது கை இடது கையைத் தேடி, ஆள்காட்டி விரலைப் பிடித்து வளைத்தது. அப்பா அழுத்தினார். விரல் 'டக்' என்றது.

"ஆ, வந்துச்சு" என்றார் அப்பா.

"வந்துச்சுப்பா. எந்திரிக்கட்டா?"

"இன்னொண்ணு."

நடுவிரல். டக்.

இருபத்தைந்து வருஷம் நெட்டிச் சத்தத்திலேயே வாழ்ந்த மனிதர், மகளின் விரலுக்கும் முதுகுக்கும் வித்தியாசம் தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். எது வரவேண்டும் என்று காத்திருந்தாரோ அதுதான் காதில் விழுந்தது.

நர்ஸக்கா சூட்டுப்பையோடு அப்படியே இறங்கி, திரையை விலக்கினாள். "தம்பி, ஒரு நிமிஷம். குட்டி, அந்த விரலை இங்க காட்டு."

அணில் கையைப் பாவாடைக்குள் மறைத்தாள்.

"சும்மா காட்டு. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். உங்க அப்பா பக்கத்துல நிக்கறாரு, அவருக்கு மட்டும் சொல்லுவேன்."

அதற்குச் சிரிக்கப்போன அணில் அழுதுவிட்டாள். "குப்புறப் படுத்தா வயிறு வலிக்குது. கல்லு மேல படுத்த மாதிரி இருக்கு. சத்தம் வந்தாத்தான் அப்பா விடுவாரு."

"எப்பலேருந்து இப்படி விரலை முறிக்கற?"

"ரெண்டாவது படிக்கறப்பலேருந்து."

நெட்டிக்காரர் பிள்ளைகள் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார். காகிதம் கிழிந்தது. அணில் ஐந்தாவது படிக்கிறாள்.

"தம்பி, இவளை எப்பவாவது மல்லாக்கப் படுக்கவெச்சுப் பாத்திருக்கீங்களா?" என்றாள் நர்ஸக்கா.

அவர் இல்லை என்று தலையாட்டினார். யாரையுமே பார்த்ததில்லை. அவர் தொழிலில் மனிதர்கள் என்றால் முதுகுகள். முகம்கூட ஓட்டைக்குள் போய்விடும். வந்த பிள்ளைகளில் பாதிப்பேரை அவர் பின்னங்கழுத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்.

நர்ஸக்கா அணிலைத் திருப்பிப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, அடிவயிற்றின் இடதுபக்கத்தைத் தொட்டாள். அப்புறம் அவர் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். இருபத்தைந்து வருஷம் பழகிய கை அல்லவா, சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. கட்டி கட்டியாக இறுகிக் கிடந்தது.

"குட்டி, ரெண்டுக்குப் போய் எத்தனை நாளாச்சு?"

அணில் விரல் விட்டு எண்ணினாள். விரல்கள் போய்க்கொண்டே இருந்தன.

"ஸ்கூல் பாத்ரூம்ல தாப்பாள் இல்ல. வீட்டுக்கு வந்தா வரமாட்டேங்குது. போனா வலிக்குது."

"உள்ள இடம் அடைச்சுக் கிடந்தா பக்கத்துல இருக்கற மூத்திரப் பைக்கு இடம் எங்க இருக்கும்?" என்றாள் நர்ஸக்கா. "எல்லாப் புள்ளைங்களுக்கும் இதுதான் காரணம்னு சொல்லல. சிலதுங்க தூக்கத்துல எழுந்திருக்கறதில்ல, சிலதுங்களுக்கு வேற ஏதாவது இருக்கும், நெறைய பேருக்கு வயசானா தானா நிக்கும். ஆனா இதைத்தான் மொதல்ல பாக்கணும். திங்கக்கெழமை குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க. நான் சீட்டு போட்டு வெக்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, "என் இடுப்புல இருக்கற பை ஆறிப்போச்சு. அதையும் பாருங்க" என்றாள்.

டாக்டர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சிறுநீரைச் சோதித்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், மலம் இளகப் பொடி எழுதிக்கொடுத்தார். காலையும் இரவும் சாப்பிட்டதும் பத்து நிமிஷம் உட்கார வேண்டும், கால் தொங்காமல் கீழே ஒரு முக்காலி. பகலில் தண்ணீரைப் பயப்படாமல் குடிக்க வேண்டும். அணில் நனையாமலிருக்க மத்தியானத்திலிருந்தே தண்ணீரை நிறுத்தி, நாக்கு வறண்டு திரிந்திருக்கிறாள். அதுவே வயிற்றை இன்னும் இறுக்கியிருக்கிறது. அம்மா பள்ளிக்குப் போய்த் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டாள். செய்கிறோம் என்றார்கள். மறுவாரமும் செய்கிறோம் என்றார்கள். மூன்றாவது வாரம் அவளே ஒரு தாழ்ப்பாளும் திருப்புளியும் கொண்டுபோய், மெத்தைக் கடைச் சேலையோடு முழங்காலிட்டு உட்கார்ந்து மாட்டிவிட்டு வந்தாள்.

"இவளுக்காகப் பனைமரம் ஏறச் சொன்னாலும் ஏறுவேன் போல" என்றாள் என்னிடம். சொல்லிவிட்டு, படியிலேயே சாய்ந்து ஐந்து நிமிஷம் தூங்கினாள்.

உடனே வெயில் அடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். முதல் மூன்று வாரம் மேகம்தான். அதுவும் பொடி வேலை செய்ய ஆரம்பித்தபோது, துவைக்க வேண்டியது கூடியதே தவிரக் குறையவில்லை. நாலாவது வாரத்தில் ஒரு சூரியன். அணில் அதற்கு மூக்கு, மீசை எல்லாம் வரைந்தாள். ஆறாவது வாரத்தில் வாரத்துக்கு மூன்று, நாலு.

நெட்டிக்காரர் இதற்கிடையில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் கதவு திறந்திருந்தது, எட்டிப் பார்த்தேன். சுவரில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். நகத்தால் ஒட்டுநாடாவின் ஓரத்தைத் தூக்கி, சூரியன் கிழியாமல் உரித்து, மேசையில் அடுக்கினார்.

"எத்தனை இருக்கு?" என்றேன்.

"அறுபத்தொண்ணு."

"வந்தவங்க?"

அவர் கை நின்றது. "ஐநூறு இருப்பாங்க" என்றார். "மீதிப்பேர் ஒருத்தர்கூட ஏன் வந்து சட்டையைப் பிடிக்கலன்னு நானும் கேட்டுக்கல. அந்த அறுபத்தொண்ணும் சும்மா இருந்திருந்தாலே நின்னிருக்குமோ என்னவோ."

மறுநாள் முதல், பிள்ளையோடு வந்த அம்மாக்களிடம் உண்மையைச் சொன்னார். அங்கேதான் அவர் தலையெழுத்து விளையாடியது. குடையைச் சுருட்டிக்கொண்டு ஒரு அம்மா ஆறு வயதுப் பெண்ணோடு வந்தாள்.

"இதுக்கு நான் தட்டறதில்லம்மா. தட்டி நிக்கும்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் எதுவும் இல்ல. குழந்தை டாக்டர்கிட்ட போங்க. வயிறு சரியாப் போகுதான்னு கேளுங்க. புள்ளையைத் திட்டாதீங்க."

"என் நாத்தனார் புள்ளைக்கு மட்டும் செஞ்சீங்க?"

"தெரியாம செஞ்சேன்மா."

"தெரியாம செஞ்சதே நின்னுடுச்சு, தெரிஞ்சு செஞ்சா எப்படி இருக்கும்!" என்று அவள் பிள்ளையைத் தூக்கித் தாழ்வான மேசையில் குப்புறப் போட்டாள். அவர் பிள்ளையை எடுத்துத் தரையில் நிற்கவைத்தார். அவள் கோபித்துக்கொண்டு போய்த் தெருவெல்லாம் சொன்னாள்: அந்த ஆள் லேசில் கைவைக்க மாட்டார், அவ்வளவு கைராசி. அடுத்த வாரம் வரிசை இரண்டு மடங்கு. அவர் ஒவ்வொருவரிடமும் அதே ஐந்து வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி, மாலையானால் குரல் கம்மி, வெறும் உதட்டை அசைப்பார். அம்மாக்கள் அதை மந்திரம் என்று நினைத்துப் பிள்ளையின் தலையை நீட்டினார்கள்.

முகாமுக்கு முதல்நாள் படிவத்தில் கையெழுத்துப் போட்டது அம்மா. அன்று காலை மேகம். அணில் படிவத்தைத் திருப்பித் தந்தாள். "வேணாம்மா. காய்ச்சல்னு எழுதிடு."

"எனக்குக் காய்ச்சலே எழுத வராதுடி. அதெல்லாம் உங்க அப்பா டிபார்ட்மெண்ட்."

அப்பா உள்ளே வந்தார். "நானும் இனிமே எழுதமாட்டேன்" என்றார். "உங்க டீச்சர்கிட்ட பேசிட்டேன். பையில ரெண்டு விரிப்பு, ரெண்டு பேண்ட், ஒரு ஜிப்பு வெச்ச பிளாஸ்டிக் பை. நனைஞ்சா சுருட்டி உள்ள போடு, டீச்சர் பாத்துக்குவாங்க. நான் உன் வயசுல மெத்தையைத் தலையில தூக்கிட்டுத் தெருவுல நடந்தேன். நீ நடக்க வேணாம். பஸ்ல போ."

அணில் அவர் தலையை நிமிர்ந்து பார்த்தாள். "தலையிலயா?" என்றாள். "ஒழுகலையா?"

"ஒழுகும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். அம்மாவுக்கு மட்டும் வரவில்லை, கடைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

சொன்னபடி அவரே பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அம்மா இரண்டு விரிப்புகளையும் கடையில் மடிக்கிற மாதிரி, ஓரம் கத்தி போல நிற்க மடித்து வைத்திருந்தாள். நாலு நாளும் இருவரும் ஒழுங்காகத் தூங்கியதாகத் தெரியவில்லை. துவைக்க எதுவும் இல்லாத காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா துவைத்த துணியையே மறுபடி துவைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் மாலை அணில் வந்தாள். மூக்குத் தோல் உரிந்து, தலையில் பாதி ஏரியோடு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தாள். அம்மா பையைத் திறந்தாள். மேலே ஏரியில் நனைந்த துணி, நடுவில் மண், அடியில் அந்த இரண்டு விரிப்புகளும் ஓரம் கலையாமல், வைத்தபடியே இருந்தன. பிளாஸ்டிக் பை ஜிப் திறக்காமல் கிடந்தது.

அம்மா ஒரு விரிப்பை எடுத்து அவரிடம் காட்டினாள். அவர் அதை வாங்கி மடிப்பின்மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"விரிக்கவே இல்லையாடி?" என்றாள் அம்மா.

"அய்யோ!" என்று அணில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எல்லாரும் ஒரே கூடாரத்துல பேசிப் பேசி அப்படியே தூங்கிட்டோம். மறந்தே போயிட்டேன்மா."

"நாலு நாளுமா?"

"நாலு நாளும். நனையவும் இல்ல. நீ திட்டுவியா?"

திட்டவில்லை. மறுநாள் காலை வீட்டில் மெத்தை நனைந்திருந்தது. களைப்பில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கியிருக்கிறாள். அம்மா மூன்று விரிப்புகளையும் உருவி, இரண்டைத் துவைத்து, ஒன்றைத் துடைத்தாள். அணில் தாளில் மேகம் வரைந்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டு, பழக்க தோஷத்தில் விரலை முறித்தாள்.

டக்.

அடுப்படியில் இருந்த நெட்டிக்காரர் திரும்பினார். கையில் தேநீர்க் குவளையோடு வந்து, மகளின் முதுகைப் பார்க்காமல் முகத்துக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அது விரல்தானே?" என்றார்.

"விரல்தான்ப்பா" என்றாள் அணில்.